சமையல் கத்தியின் கூர்மையைக் காக்கும் தீட்டுக்கம்பி: முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கத்துச் சமையலில் காய் நறுக்குவதற்கே பாதிப் பொழுது போய்விடும். அவியலுக்குத் தடியங்காயும் சேனையும் வாழைக்காயும் ஒரே நீளத்தில் விழ வேண்டும். சொதிக்குப் போடும் காய்கள் தேங்காய்ப்பாலில் கரைந்துவிடாத அளவுக்குக் கனமாகவும், பருப்போடு சேர்ந்து வேகிற அளவுக்கு மெலிதாகவும் இருக்க வேண்டும். கூட்டாஞ்சோறு என்றால் சீனியவரைக்காய் தொடங்கி முருங்கைக்காய் வரை ஒரு கூடைக் காய். இந்த வேலை முழுவதும் ஒரு காலத்தில் அரிவாள்மனையில் நடந்தது. இன்று பல வீடுகளில் மேடை மீது, பலகையும் கத்தியுமாக நடக்கிறது. அரிவாள்மனையைப் பேணத் தெரிந்த அளவுக்குக் கத்தியைப் பேண நாம் இன்னும் பழகவில்லை என்றே எண்ணுகிறேன். வாங்கிய புதிதில் தக்காளியில் தானாக இறங்கிய கத்தி, சில வாரங்களில் தோலை நசுக்கத் தொடங்குகிறது. சாணைக்காரர் தெருவுக்கு வரட்டும் என்று காத்திருக்கிறோம், அல்லது இன்னொரு கத்தி வாங்கிவிடுகிறோம். கத்திப் பெட்டியோடு கூடவே வந்த நீளமான கம்பி மட்டும் அடுக்களை இழுப்பறையில் தொடப்படாமல் கிடக்கிறது.

கடைகளில் ஹோனிங் ராடு என்றும் ஹோனிங் ஸ்டீல் என்றும் விற்கப்படும் அந்தத் தீட்டுக்கம்பியைச் சரியாகப் பயன்படுத்தும் முறையே இங்கே சொல்லப்படுகிறது. இதற்கு வலிமை வேண்டாம். மாறாத ஒரு கோணமும் கனமில்லாத ஒரு கையும் போதும்.

கம்பி என்ன செய்கிறது

நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய், அதன் நுனி விளிம்பில், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு மெலிந்திருக்கும். அவ்வளவு மெல்லிய உலோகம், வெட்டும்போதெல்லாம் பலகையில் மோதுகிறது. நறுக்கிய வெங்காயத்தைக் கத்தியின் வாயாலேயே வழித்துத் தள்ளும்போது பக்கவாட்டில் இழுபடுகிறது. இதனால் விளிம்பு தேய்வதற்கு முன்பே ஒரு பக்கமாக மடிந்துவிடுகிறது. வெட்டும் பொருளை எதிர்கொள்வது இப்போது கூரான நுனி அல்ல, மடிந்த முதுகு. கத்தி மழுங்கிவிட்டதாக நாம் நினைப்பதில் பெரும்பகுதி இந்த மடிப்புதான். தீட்டுக்கம்பி அதை மீண்டும் நிமிர்த்தி நேராக்குகிறது.

நிமிர்த்துவது மட்டுமே அதன் வேலை என்று சொல்வதும் முழு உண்மை ஆகாது. வரிவரியாகப் பள்ளமிட்ட எஃகுக் கம்பியில் தீட்டிய விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்தால், மிகச் சிறிதளவு உலோகம் தேய்ந்து, நுனியில் ஒரு புதிய குறுகிய சரிவு உருவாகியிருப்பது தெரியும். ஆயினும் சாணைச் சக்கரமோ தீட்டுக்கல்லோ எடுக்கும் உலோகத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதனால்தான் கம்பியை அடிக்கடி பயன்படுத்தலாம், சாணையை அடிக்கடி பிடிக்கக் கூடாது. அதே காரணத்தால், முழுவதும் தேய்ந்து உருண்டுபோன வாய்க்கும், பல் விழுந்த வாய்க்கும் கம்பியால் பயன் இல்லை.

எந்தக் கத்திக்கு எந்தக் கம்பி

கம்பி கத்தியைவிடக் கடினமானதாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. எஃகின் கடினத்தை ராக்வெல் அளவில் குறிப்பார்கள். ஐரோப்பியப் பாணியில் செய்யப்படும் துருப்பிடிக்காத எஃகுக் கத்திகள் பெரும்பாலும் 54 முதல் 58 வரை இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண எவர்சில்வர் கத்திகள் அதே அளவிலோ அதற்குச் சற்றுக் கீழோ அமையும். இவை வளைந்து கொடுக்கக்கூடிய உலோகம் என்பதால் எஃகுக் கம்பி இவற்றுக்கு மிகவும் பொருந்தும். ஜப்பானியக் கத்திகள் பல 60-ஐத் தாண்டியவை. அவற்றின் விளிம்பு மடிவதற்குப் பதிலாக உதிர்ந்துவிடும். ஆகவே அவற்றை வரிப்பள்ளம் உள்ள எஃகுக் கம்பியில் உரசக் கூடாது. வழவழப்பான செராமிக் கம்பியே அவற்றுக்கு ஏற்றது, அதையும் மிக மெதுவாக உரச வேண்டும்.

வைரத்தூள் பூசிய கம்பி என்று ஒரு வகையும் விற்கிறார்கள். அது நிமிர்த்துவதைவிட அதிகமாக அராவுகிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கை பழகாதவர் கையில் ஒரே ஆண்டில் கத்தியின் வடிவம் மாறிவிடும். ரொட்டிக் கத்தி போன்ற பல்வைத்த கத்திகளை எந்தக் கம்பியிலும் வழக்கமான முறையில் உரச முடியாது.

நீளத்தைப் பொறுத்தவரை, கத்தியின் அலகைவிடக் கம்பி இரண்டு அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். 8 அங்குலக் கத்திக்கு 10 அங்குலக் கம்பி சரியாக இருக்கும். கைப்பிடிக்கும் கம்பிக்கும் இடையில் விரலைக் காக்கும் தடுப்பு அகலமாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

தீட்டுவதற்கு முன் வாயைப் பார்ப்பது

கத்தியைக் கழுவி, முதுகுப் பக்கத்திலிருந்து வாயை நோக்கித் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். வாழைக்காய்க் கறையோ பலாப்பாலோ ஒட்டியிருந்தால் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தபின் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிசுக்கு இருந்தால் அது கம்பியின் வரிகளில் போய் அடைந்துகொள்ளும்.

பிறகு கத்தியின் வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, ஜன்னல் வெளிச்சத்திலோ குழல்விளக்கின் கீழோ மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கூராக இருக்கும் விளிம்பில் ஒளி தங்க இடமில்லாததால் அது கண்ணுக்கே தெரியாது. மடிந்தோ மழுங்கியோ இருக்கும் இடம் மட்டும் மெல்லிய வெள்ளிக் கோடாகப் பளிச்சிடும். வீட்டுக் கத்திகளில் பெரும்பாலும் இந்தக் கோடு கத்தியின் முனையிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள் தெரியும். பலகையில் அதிகமாக மோதுவது அந்தப் பகுதிதான். கட்டைவிரலை அலகின் பக்கவாட்டில் வைத்து, முதுகிலிருந்து வாயைத் தாண்டி வெளியே வருமாறு மெல்ல இழுத்தால், மடிந்த பக்கத்தில் விரலில் ஏதோ தட்டும். மறுபக்கம் வழுக்கிக்கொண்டு போகும். விரலை வாயின் நீளவாக்கில் ஒருபோதும் ஓட்டக் கூடாது.

கோடு தொடர்ச்சியாக இல்லாமல் புள்ளி புள்ளியாக, ஆழமாகத் தெரிந்தால் அது பல் விழுந்த கத்தி. எலும்பு வெட்டியிருக்கலாம், தேங்காய் உடைத்திருக்கலாம். அதை இந்த முறையில் சரிசெய்ய முடியாது.

தீட்டும் முறை

கறிக்கடைகளில் கம்பியை ஒரு கையிலும் கத்தியை மறு கையிலுமாக அந்தரத்தில் பிடித்து வேகமாக உரசுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நாள் முழுவதும் செய்து பழகியவர்களின் கை. வீட்டில் தொடங்குபவர்கள் கம்பியை மேடை மீது செங்குத்தாக ஊன்றியே பழக வேண்டும். கை பழகிய பிறகும் இந்த முறையை விட வேண்டிய தேவை இல்லை, ஏனென்றால் கோணம் மாறாமல் இருப்பது இதில்தான் எளிது.

முதலில், ஈரமான துணியை நான்காக மடித்து மரப்பலகை மீது விரித்து, கம்பியின் முனையை அதன்மேல் ஊன்றிக் கைப்பிடியை இடக்கையால் உறுதியாகப் பிடியுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இதை மாற்றிக்கொள்ளலாம். கம்பி நேராக நிற்க வேண்டும். உங்கள் பக்கம் சாய்ந்தாலும் எதிர்ப்பக்கம் சாய்ந்தாலும் கோணக் கணக்கு தவறிவிடும். விரல்கள் அனைத்தும் தடுப்புக்கு மேலே இருக்க வேண்டும்.

அடுத்தது கோணம். இதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். சாதாரணச் சமையல் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 20 பாகைக்குச் சற்று முன்பின்னாக அமைந்தால் நல்லது. ஜப்பானியக் கத்திகளுக்கு 15 பாகை. கத்தியைக் கம்பிக்குக் குறுக்கே, சரியாக 90 பாகையில் வையுங்கள். அதைப் பாதியாக்கினால் 45. அதையும் பாதியாக்கினால் 22. அதிலிருந்து இன்னும் ஒரு மயிரிழை சாய்த்தால் நமக்கு வேண்டிய இடம் வந்துவிடும். மனக்கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் முதுகுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளந்து கொள்ளலாம். நாலரை சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தியானால், 20 பாகையில் அதன் முதுகு கம்பியிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் விலகி நிற்கும், அதாவது ஏறத்தாழ ஓர் ஆள்காட்டி விரல் அகலம். இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு கத்திக்கு ஒரு பென்சில் கனம் போதும். கத்தி சிறுத்தால் இடைவெளியும் சிறுக்கும் என்பதை மறந்து, எல்லாக் கத்திக்கும் ஒரே இடைவெளி விடுவதால் சிறு கத்திகளே அதிகம் கெடுகின்றன.

கோணம் சரிதானா என்று உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. பெர்மனென்ட் மார்க்கர் பேனாவால் கத்தியின் விளிம்புச் சரிவில் இருபுறமும் கறுப்புப் பூசி, கம்பியில் ஓரிரு முறை உரசிப் பாருங்கள். விளிம்பின் ஓரத்தில் மட்டும் மை அழிந்திருந்தால் கோணம் சரி. சரிவின் மேற்பகுதியில் அழிந்து, விளிம்பில் மை அப்படியே இருந்தால் கத்தியை மிகவும் படுக்க வைத்திருக்கிறீர்கள். கம்பி விளிம்பைத் தொடவே இல்லை. முதல் சில நாட்களுக்கு இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். கண்ணும் மணிக்கட்டும் இதைப்போல வேறு எதனாலும் சீக்கிரம் பழகுவதில்லை.

இனி இழுப்பு. கத்தியின் வாய் கீழ்நோக்கி இருக்க, கைப்பிடியை ஒட்டிய அடிப்பகுதியைக் கம்பியின் மேற்புறத்தில், தடுப்புக்குச் சற்றுக் கீழே வையுங்கள். அங்கிருந்து கத்தியைக் கீழே இறக்கிக்கொண்டே உங்களை நோக்கி இழுத்து வர வேண்டும். கம்பியின் அடியை அடையும்போது கத்தியின் முனை கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதாவது ஒரே இழுப்பில் அடிப்பகுதி தொடங்கி முனை வரை முழு வாயும் கம்பியைத் தொட்டுச் செல்கிறது. முனை கம்பியை விட்டு நழுவிப் பலகையில் குத்துமளவுக்கு இழுக்காதீர்கள்; அப்படி நழுவ நழுவ முனை உருண்டுவிடும். வாய் வளைந்து முனையை நோக்கி ஏறும் இடத்தில் மணிக்கட்டை இம்மியளவு தூக்கினால் கோணம் மாறாது.

மறுபக்கத்துக்குக் கத்தியைக் கம்பியின் அந்தப்புறம் கொண்டுசென்று இதையே செய்யுங்கள். இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, பக்கத்துக்கு நான்கு முதல் ஆறு இழுப்புகள் போதும். ஒரே பக்கத்தில் பத்து முறை உரசிவிட்டு மறுபக்கம் பத்து முறை உரசினால் மடிப்பு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகுமே தவிர நிமிராது. கடைசி இரண்டு இழுப்புகளைக் கத்தியின் சொந்த எடையைக்கூடத் தாங்கிப் பிடித்தபடி, தொட்டும் தொடாமலும் இழுங்கள். முடிந்ததும் உலோகத்தூள் உணவில் சேராதபடி கத்தியைத் துடைத்து அல்லது கழுவிவிட்டு நறுக்கத் தொடங்கலாம்.

வேகம் தேவையே இல்லை. ஓர் இழுப்புக்கு ஒன்றிரண்டு வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். சரியான கோணத்தில் மெல்லிய, சீரான ஓசை எழும். கரகரவென்று சுரண்டும் ஓசை கேட்டால் கத்தி செங்குத்தாகிவிட்டது அல்லது கை கனத்துவிட்டது.

கையின் கனம்

உருண்டையான கம்பியும் கூரான விளிம்பும் தொடும் இடம் ஏறத்தாழ ஒரு புள்ளி. கை கொடுக்கும் சிறிய விசை முழுவதும் அந்தப் புள்ளியில் குவிகிறது. நாம் மெல்லத்தான் வைத்தோம் என்று நினைக்கும் அழுத்தமே விளிம்பு தாங்கும் எல்லைக்கு அருகில் இருக்கும் என்பதால், அழுத்தி உரசினால் சீக்கிரம் கூராகும் என்ற எண்ணத்தை முற்றிலும் விட்டுவிட வேண்டும். உங்கள் கை எவ்வளவு கனம் என்று அறிய, சமையலறைத் தராசின் தட்டில் கத்தியின் அலகைப் பட்டையாக வைத்து அழுத்திப் பாருங்கள். 200 கிராம் எப்படி இருக்கும் என்பதைக் கை ஒருமுறை உணர்ந்துகொண்டால், அதற்கு மேல் போகாமல் தீட்டப் பழகலாம்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை, எப்போது நிறுத்துவது

அன்றாடம் சமைக்கும் வீட்டில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தீட்டினால் கத்தி எப்போதும் ஒரே நிலையில் இருக்கும். மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி வைப்பது போன்ற பெரிய சமையல் நாட்களில் தொடங்கும் முன் ஒருமுறையும், இடையில் கத்தி தயங்கும்போது ஒருமுறையும் தீட்டுவது நல்லது. மழுங்கிய பிறகு தீட்டுவதைவிட மழுங்குவதற்கு முன்பே தீட்டுவதில்தான் இதன் முழுப் பயனும் இருக்கிறது.

தீட்டிய கத்தியைச் சோதிக்கச் செய்தித்தாளின் ஓரத்தை ஒரு கையால் தொங்கப் பிடித்து மேலிருந்து கீழாக அரியுங்கள். கிழியாமல், சிக்காமல் போக வேண்டும். சிக்கும் இடம் எதுவோ அங்கே மடிப்பு இன்னும் இருக்கிறது. அடுக்களையில் இதைவிட நல்ல சோதனை நன்கு பழுத்த நாட்டுத் தக்காளி. அழுத்தாமல் கத்தியை வைத்து இழுத்தாலே தோலில் இறங்க வேண்டும்.

பக்கத்துக்குப் பத்து இழுப்பு போட்டும் தக்காளித் தோலில் கத்தி வழுக்கினால், நிறுத்திவிடுங்கள். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் அது ஓரிடத்தில் முறிந்துவிடுவது போல, திரும்பத் திரும்ப மடிந்தும் நிமிர்ந்தும் வந்த விளிம்பு களைத்து உதிர்ந்துவிடும். அதன்பிறகு நிமிர்த்த அங்கே ஒன்றும் இல்லை. புதிய விளிம்பைக் கல்லில்தான் உருவாக்க வேண்டும். வீட்டிலேயே செய்வதானால் 1000 எண் தீட்டுக்கல் ஒன்று போதும்; பல் விழுந்திருந்தால் அதற்கு முன் 400 போன்ற முரட்டுக்கல் வேண்டும். கம்பியை முறையாகப் பயன்படுத்தும் வீட்டில் இந்தத் தேவை சில மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும்.

சைக்கிளில் சாணைச் சக்கரத்தோடு தெருவுக்கு வருபவரிடம் கொடுப்பதிலும் தவறில்லை. ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். வேகமாகச் சுழலும் உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். விளிம்பில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. “தண்ணி தொட்டுத் தொட்டுப் பிடிங்க அண்ணாச்சி” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், தொழில் தெரிந்தவர்கள் அதை மதித்தே செய்வார்கள். சாணை பிடித்து வந்த கத்தியின் வாயில் பெரும்பாலும் பிசிறு இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கம்பியில் மெல்ல இரண்டு மூன்று இழுப்பு கொடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கூர் சீக்கிரம் போவதற்குக் காரணம் பல சமயம் தீட்டும் குறை அல்ல, வெட்டும் தளம். கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் கண்ணாடிப் பலகையிலும் நறுக்கினால் எந்தக் கத்தியும் ஒரு வேளை சமையலுக்குமேல் தாங்காது. கறிக்கடைகளில் புளியமரக் கட்டையை வைத்திருப்பது காரணத்தோடுதான். வீட்டுக்கும் ஒரு மரப்பலகை வாங்கிவிடுங்கள். நறுக்கிய காயை வழிக்கக் கத்தியைத் திருப்பி முதுகால் வழியுங்கள். சீலா மீனை உறைபெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு கல்லாக இருக்கும்போதே வெட்டாமல், இளகவிட்டு வெட்டுங்கள். நடுமுள்ளுக்குக் கனமான வெட்டுக்கத்தி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

அரிவாள்மனைக்குக் கம்பி

அரிவாள்மனை இன்னும் புழங்கும் வீடுகளுக்கும் இந்தக் கம்பி உதவும். அதன் வாய் உட்புறமாக வளைந்திருப்பதால் தட்டையான கல் அதில் முழுமையாகப் படியாது. உருண்டையான கம்பியோ வளைவுக்குள் நன்றாகச் சேரும். இங்கே அலகு அசையாது, கம்பி அசைய வேண்டும். மனையின் முன்னால் வாயை எதிர்நோக்கி உட்காராமல், பக்கவாட்டில் அமர்ந்து, மனைப்பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, கம்பியை அலகின் அடியிலிருந்து மேல்நோக்கி, அதே சிறிய கோணத்தில், இருபுறமும் மாறி மாறி ஓட்டுங்கள். கம்பி பிடித்த கையின் விரல்கள் தடுப்புக்குப் பின்னால் இருக்கட்டும். மற்றக் கை அலகின் அருகில் வரவே கூடாது. இரும்பு அலகானால் முடிந்ததும் ஒரு துளி எண்ணெய் தடவிவிடுங்கள். உச்சியில் உள்ள தேங்காய்த் துருவிப் பற்களில் கம்பியைக் கொண்டுபோக வேண்டாம்.

கம்பியைப் பேணுதல்

எஃகுக் கம்பியைப் பயன்படுத்தியபின் உலர்ந்த துணியால் அடியிலிருந்து முனைவரை இழுத்துத் துடைத்தால் வரிகளில் படிந்த தூள் வந்துவிடும். பல கம்பிகள் காந்தமேற்றியவை. தூள் அவற்றில் ஒட்டிக்கொள்வதால், எப்போதாவது சோப்பு நீரில் பிரஷ் கொண்டு வரிகளின் போக்கிலேயே தேய்த்துக் கழுவி உடனே உலர்த்த வேண்டும். குற்றாலத்தில் சாரல் கட்டும் மாதங்களில் தென்காசிப் பக்கமும், உப்புக்காற்று வீசும் உவரி, திருச்செந்தூர்ப் பக்கமும் ஈரத்தோடு வைத்த கம்பி துருவேறிவிடும். துருவேறிய வரி கத்தியைக் கீறும். செராமிக் கம்பி துருப்பிடிக்காது, ஆனால் கீழே விழுந்தால் உடையும். அதில் சாம்பல்நிறக் கோடுகள் படிந்தால் பாத்திரம் தேய்க்கும் பொடியை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்துக் கழுவலாம். எந்தக் கம்பியையும் இழுப்பறையில் கத்திகளோடு சேர்த்துப் போடாமல் தனியே தொங்கவிடுங்கள்.

கம்பியின் சுற்றில் நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பார்த்தால் வரிகள் தட்டுப்பட வேண்டும். பல ஆண்டுகளில் அவை தேய்ந்து வழவழப்பாகிவிட்டாலும் கம்பியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வழவழப்பான கம்பி உலோகத்தை அராவாமல் விளிம்பை நிமிர்த்த மட்டும் செய்யும். நல்ல நிலையில் இருக்கும் கத்திக்குத் தினமும் இரண்டு இழுப்பு கொடுக்க அதுவே போதும்.